பேராற்றலும் பேரேடும்: நெல்லைக் காவல் மரபை முன்வைத்து ஒரு விசாரணை

1. கேள்வி

1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். தமிழ் வாசகர்கள் அவனை நிழல் படையின் உளவாளியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் மூலத் தொடரின் தொடக்கத்தில் அவன் அரசின் ஆள் அல்லன். மறையும் திறனைத் தன்னலத்துக்கும் திருட்டுக்கும் பயன்படுத்தியவன். அதே கை, அதே மின்சாரம். ஓரிடத்தில் குற்றவாளி, இன்னோரிடத்தில் காவலன். இப்படிப்பட்ட ஒருவனை அரசு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை அமெரிக்கப் படக்கதைகள் பின்னர் நேரடியாகவே எழுப்பின. 1980களில் எக்ஸ்-மென் கதைகளில் பிறவியிலேயே விசேஷ ஆற்றல் கொண்டவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வருகிறது. 2006-07இல் வெளியான மார்வெலின் ‘சிவில் வார்’ தொடரில், ஒரு பெருவெடிப்பில் பலர் சாக, பேராற்றல் உள்ளவர்கள் அனைவரும் அரசிடம் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் இயற்றப்படுகிறது. நாயகர்களே அயர்ன் மேன் பக்கம் பாதி, கேப்டன் அமெரிக்கா பக்கம் பாதி என்று பிரிந்து மோதுகிறார்கள்.

இதை வெறும் கற்பனை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இந்தக் கற்பனையைத் தமிழில் அச்சிட்ட ஊர் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்திலும் அதன் அண்டைச் சீமைகளிலும் இதே கேள்வியைப் பிரிட்டிஷ் அரசு சட்டமாகவே கேட்டு, சட்டமாகவே பதிலும் சொல்லியிருக்கிறது. ஒருவர் இன்னது செய்தார் என்பதற்காக அல்ல, இன்னது செய்யக்கூடியவர் என்பதற்காக அவர் பெயரையும் விரல் ரேகையையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ‘பேராற்றல்’ என்ற சொல்லை இங்கே பறப்பது, மறைவது என்ற பொருளில் நான் கையாளவில்லை. மற்றவர்களுக்கு இல்லாததும், உடலிலிருந்து பிரித்து வாங்கிப் பூட்டி வைக்க முடியாததும், அண்டையில் இருப்பவரை அச்சப்படுத்துவதுமான எந்தத் திறனையும் அச்சொல் குறிக்கட்டும். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கையை வாங்க முடியாது. அமெரிக்க ஆட்சிப் பகுதியான குவாம் தீவில் இந்தச் சிக்கலுக்கு ஒரு விசித்திரமான விடை சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. கராத்தே, ஜூடோ வல்லுநர்கள் வரித் துறையிடம் 5 டாலர் கட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; அப்படிப் பதிந்தவர் தம் கலையைக் கொண்டு ஒருவரைத் தாக்கியது நிரூபணமானால், அது கடுமையான தாக்குதல் குற்றமாகவே கொள்ளப்படும். கேட்கச் சிரிப்பு வரலாம். தாமிரபரணிச் சமவெளியின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு நீடிக்காது.

2. காவல்காரரின் ஆற்றல்

டேவிட் லட்டன் 1985இல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமையை நன்செய், புன்செய், இரண்டும் கலந்த குளத்துப் பாசனப் பகுதி என்று பிரித்துக் காட்டினார். ஆற்றங்கரையில் காரும் பிசானமும் விளையும் ஊர்கள். அவற்றுக்கு வடக்கிலும் மேற்கிலும் மலையடிவாரம் வரை சிவகிரி, ஊத்துமலை, நெற்கட்டும்செவல் என்று பாளையங்கள். பாளையங்கள் அமைந்த இந்த நிலத்தில் மறவர்கள் வலுவாக இருந்தார்கள். நெல்லும் மாடும் ஓரிடத்தில் குவிந்திருக்க, அவற்றைக் காக்கவும் கவரவும் தெரிந்தவர்கள் அருகிலேயே இருந்ததால் உருவானதுதான் காவல் முறை. ஓர் ஊருக்குள் அமைந்தது தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் உள்ளடக்கிப் பாளையக்காரர் கையில் இருந்தது தேசகாவல். காவலுக்குக் கூலியாக விளைச்சலில் பங்கு உண்டு. மாடு களவு போனால் காவல்காரர் தேடிக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் இழப்பை அவரே ஈடுகட்ட வேண்டும். களவு போனதைப் பணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி என்று தனிப் பெயரே இருந்தது.

இந்தத் திறன் பொய்யல்ல. இரவில் தடம் பார்த்து நடப்பது, குளம்படியிலிருந்து மாட்டை அடையாளம் காண்பது, நாலு ஊர் தள்ளி யாரிடம் கேட்டால் செய்தி கிடைக்கும் என்று அறிவது, கம்பும் வளரியும் கையாள்வது எல்லாம் வயலில் நிற்பவருக்கு மாயம் போலத்தான் தெரிந்திருக்கும். நாட்டார் கதைகள் அதை அப்படித்தான் கண்டன. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் புகுந்து ஒளியாக மறைந்தார் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன், அந்தணனாகப் பிறந்து அருந்ததியர் குலப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் வீட்டு மாடுகளைக் காக்கப் போன இடத்தில் கள்வரோடு பொருது மாண்டவன். அந்தக் கதைப்பாடலை அச்சேற்றி ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தவர் இதே சீமையைச் சேர்ந்த நா. வானமாமலை. பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவன் வீரம் அல்ல; காவல் ஏற்றவன் காத்த பொருளுக்கு உயிரால் பொறுப்பேற்றான் என்பதும், அதனாலேயே தெய்வமானான் என்பதும்தான். இச்சமவெளி ஆற்றலைக் கண்டு அஞ்சியது. அதோடு அதற்கு ஒரு கணக்கும் எழுதி வைத்தது. அந்தக் கணக்கில் பதிந்தது ஆளின் பிறப்பு அல்ல, அவர் ஏற்ற பொறுப்பு.

இதை அளவுக்கு மீறி மெச்சிவிடக் கூடாது. கூலி கொடுக்காத ஊரில்தான் களவு நடக்கும் என்பதும், களவு செய்தவரும் துப்புக்கூலி வாங்குபவரும் சில சமயம் ஒரே ஆளாக இருந்தார்கள் என்பதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதில் உண்மை உண்டு. இன்னொன்றும் உண்டு. ஈடு கேட்கும் உரிமை மாடு வைத்திருந்தவருக்குத்தான். மாடும் நிலமும் இல்லாத கூலிக் குடும்பங்களுக்குக் காவல் என்பது பெரும்பாலும் தம்மீது வைக்கப்பட்ட கண்.

3. ஆய்வாளர் பார்வைகள்

கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு (1881) தொடங்கி எச். ஆர். பேட்டின் மாவட்டக் கெசட்டியர் (1917) வரை காலனியக் காலத்து நூல்கள் காவலை ஒரு நோயாகவே நோக்கின. 1903இல் ஃபிரெட் ஃபாசெட் என்ற காவல்துறை அதிகாரி திருநெல்வேலிக் கொண்டையங்கோட்டை மறவர் பற்றி இங்கிலாந்தின் மானிடவியல் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். குற்றத்தைத் துப்புத் துலக்கும் பதவியில் இருப்பவர் ஒரு சாதியின் இயல்பை விவரிக்கும் அறிஞராகவும் இருந்த காலம் அது. தர்ஸ்டனின் தொகுதிகள் (1909) இந்த இரு வேலைகளுக்கும் இடையே கோடே இல்லாமல் செய்தன. ஊர்க்காவலர்களும் இவர்களே, கைதேர்ந்த மாட்டுக் கள்வர்களும் இவர்களே என்ற வகை வாசகம் அந்நூல்களில் முரணாகத் தெரிவதில்லை. அதுவே இவர்களின் இயல்பு என்று முடித்துவிடுகிறார்கள்.

பிற்கால ஆய்வுகள் இதைப் பல பக்கங்களிலிருந்து குலைத்தன. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் கள்ளர்களைப் பற்றி எழுதியபோது, ‘குற்றப் பரம்பரை’ என்பது காவல் அதிகாரத்தைப் புரிந்துகொள்ளாத ஆட்சி உண்டாக்கிய வகைமை என்று வாதிட்டார். டேவிட் ஆர்னால்ட் சென்னை மாகாணத்தின் கொள்ளைகளை ஆராய்ந்து, அவை பஞ்சத்தோடும் தானிய விலையோடும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டினார். 1876-78 பஞ்சம் இதற்குப் பெரிய சான்று. பிறவிக் குணம் என்றால் அது நெல் விலையைப் பார்த்து ஏன் ஏறி இறங்க வேண்டும்? நிக்கோலஸ் டர்க்ஸ் (2001) சாதியை எழுதி வைக்கும் அரசு தான் எழுதியதையே ஆளத் தொடங்கியதை விரித்தார். ஆனந்த் பாண்டியன் (2009) இன்னும் சங்கடமான ஒன்றைச் சொன்னார்: பட்டியலிடப்பட்டவர்களே பட்டியலின் கண்ணால் தம்மைத் தாமே பார்க்கவும் திருத்தவும் பழகிக்கொண்டார்கள். இந்த ஆய்வுகளோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. ஆனால் ஒரு குறை தெரிகிறது. பட்டியல் அநீதி என்பதைக் காட்டும் அவசரத்தில், காவல்காரரிடம் அசாதாரணத் திறன் ஏதும் இல்லை, எல்லாம் அரசின் கட்டுக்கதை என்று சிலர் வழுக்கிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் நம் கேள்வி எளிதாகிவிடும், விடையும் பயனற்றதாகிவிடும். திறன் மெய்யாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டு பதிவைச் சோதிப்பதே கடினமான சோதனை.

4. ரேகை

முதலில் பறிக்கப்பட்டது பெயர் அல்ல, வேலை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி எழுந்து வீழ்ந்தபின், அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. தேசகாவல் வருமானம் அரசுக்குப் போனது. 1859இல் மாகாணத்துக்குப் புதிய காவல் சட்டம் வந்தது. ஆள் இருக்கிறார், திறன் இருக்கிறது, அதைக் கட்டிவைத்த ஒப்பந்தம் மட்டும் சட்டத்தின் பார்வையில் இல்லை. ஊரார் ரகசியமாகக் கூலி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஈடு கேட்டு வழக்காட முடியாத கூலி அது. முன்பு கடமையாக இருந்தது இப்போது மிரட்டலாக மாறுவதற்கு வேறென்ன வேண்டும்?

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வட இந்தியாவுக்கு மட்டும். இந்நாட்டில் தொழில் சாதிவழி வருகிறது, தச்சர் மகன் தச்சராவது போலக் குற்றவாளியின் மகனும் குற்றவாளி என்பதே அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம். 1911இல் புதுப்பிக்கப்பட்டபோது சென்னை மாகாணமும் அதன் கீழ் வந்தது. ஒரு குலமோ கூட்டமோ பிணையில் விடமுடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்யும் பழக்கமுடையது என்று மாகாண அரசு ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தால் போதும். அறிவிக்கை போடலாம், ஆட்களைப் பதியலாம், ரேகை எடுக்கலாம். பதிந்தவர் இருப்பிடத்தையும் இருப்பிட மாற்றத்தையும் ஊரை விட்டுப் போவதையும் தெரிவிக்க வேண்டும். அறிவிக்கை சரியா என்று நீதிமன்றம் கேட்க முடியாது. குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது 7 ஆண்டு, மூன்றாம் முறை என்றால் நாடு கடத்தல். மதுரைப் பக்கத்து மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். சட்டத்தின் முழுப் பெயரை விட அந்தப் பெயர் துல்லியமானது.

சட்டம் கேட்டவற்றை மறுபடி பாருங்கள்: பெயர், ரேகை, இருப்பிடம், நடமாட்டம். காவல்காரர் இருளில் எவ்வளவு தூரம் தடம் பார்ப்பார், எத்தனை ஊரில் அவருக்கு உறவு, எதற்கு அவர் கட்டுப்படுவார் என்பதற்கு அதில் இடமில்லை. ஆற்றலுக்காகத் தொடங்கிய பேரேட்டில் ஆற்றலே எழுதப்படவில்லை. எழுதவும் முடியாது. ஆற்றல் என்பது செயலில் மட்டும் வெளிப்படுவது. செயலுக்கு முன் அதைப் பதிய நினைக்கும் எழுத்தர் கையில் ஆளின் உடம்பும் அது இரவில் படுக்கும் இடமும்தான் மிஞ்சும். எனவே இவ்வகைப் பதிவு திறனைக் கட்டுப்படுத்தும் கருவியே அல்ல. ஆளைக் கண்டுபிடிக்கும் கருவி. கற்பனையான ஒருவர் நாளை நெருப்பை உமிழ்ந்தாலும் அவருக்கான பேரேட்டிலும் இதே நான்கு விவரங்கள்தான் இருக்கும். அவர் உமிழப்போகும் நெருப்பை அது ஒரு துளியும் குறைக்காது.

இதன் விளைவு 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் தெரிந்தது. ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். இராமநாதபுரத்து ஆப்பநாட்டுக் கொண்டையங்கோட்டை மறவர்கள் மேல் சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் முன்னின்று எதிர்த்தார். கலகத்தின் முகம் மதுரையும் இராமநாதபுரமும் என்றாலும் திருநெல்வேலி மறவர்களும் பட்டியலுக்கு உள்ளேதான் இருந்தார்கள். சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் நீங்கியது. இடையில், 1948இலேயே, வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் மாகாணச் சட்டம் ஒன்று பிறந்துவிட்டது. காவல் நிலையச் சுருக்கெழுத்தான ‘கேடி’ ஒரு வசவாகத் தமிழில் தங்கிவிட்டது. அது ஆங்கிலத்தின் இரண்டெழுத்துச் சுருக்கம் என்பதுகூட இப்போது பலருக்குத் தெரியாது. கெட்டவன் என்ற தமிழ்ச் சொல்லின் உறவு என்றே நினைக்கிறார்கள்.

5. இன்னொரு பேரேடு

அரசு யாரையுமே பதியக் கூடாது என்பது என் வாதம் அல்ல. இதே பொதிகை அடிவாரத்தில் வேறொரு பதிவும் வளர்ந்தது. வர்ம ஆசானை எடுத்துக்கொள்வோம். 96 தொடுவர்மம், 12 படுவர்மம் என்று 108 புள்ளிகளை எண்ணும் மரபு அவருடையது. எலும்பை இணைக்கும் அதே விரல் ஆளை வீழ்த்தவும் செய்யும். சித்தர்களின் அட்டமாசித்தி வரை கற்பனை நீளும் இம்மரபைக் காட்டிலும் ‘பேராற்றல்’ என்ற சொல்லுக்கு நெருங்கிய ஒன்று நம்மிடம் இல்லை. அரசு இதை எப்படி எதிர்கொண்டது? 1921இல் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை அரசு முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1970இல் இந்திய மருத்துவ மத்திய மன்றச் சட்டம் மருத்துவர் பதிவேட்டை நாடளாவியதாக்கியது.

இரு பேரேடுகளையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு துலங்கும். மருத்துவர் பதிவேட்டில் ஒருவர் தானே கேட்டுப் பெயர் சேர்க்கிறார். சேர்வதால் ஓர் உரிமை கிடைக்கிறது. தவறு செய்தால் விசாரணைக்குப் பின் பெயர் நீக்கப்படுகிறது. நீக்கம்தான் அங்கே தண்டனை. குற்றப் பரம்பரைப் பேரேட்டில் சேர்ப்பதே தண்டனை. நீக்கம் அரசு காட்டும் கருணை. முதலாவது ஒரு தொழிலைப் பதிகிறது. ஆசான் வர்மம் பார்ப்பதை நிறுத்திவிட்டால் பதிவுக்கு அவரிடம் வேலை இல்லை. இரண்டாவது ஓர் இயல்பைப் பதிகிறது. அதிலிருந்து ஓய்வு பெற முடியாது. முதல் வகையிலும் குறை இல்லாமல் இல்லை. பட்டம் பெறாத பரம்பரை வைத்தியர்கள் பலர் அதனால் வெளியே தள்ளப்பட்டார்கள். நாடித் துடிப்பைத் தகப்பனிடம் கற்றவர் போலி மருத்துவர் என்று வழக்கில் நிற்பதும் நடக்கிறது. ஆனால் அது சேர்க்கையின் அளவுகோலைப் பற்றிய சண்டை. வாதாடி வெல்லக்கூடிய சண்டை.

6. மறுப்புகள்

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. காவல்காரர் திறன் எவ்வளவு பெரிதானாலும் மனித அளவுக்குள் அடங்கியது. ஒரே மூச்சில் ஓர் ஊரை அழிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தால், செயலுக்குப் பின் பொறுப்பைத் தேடுவதில் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அச்சத்தின் அளவு பெருகப் பெருகப் பேரேட்டின் பயன் குறைவதையும் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர் பெயர் தர மறுத்தால் யார் போய் ரேகை வாங்குவது? அவர் ஒத்துழைத்தால்தான் பதிவே நடக்கும். ஒத்துழைப்பவரிடம் பேசி உடன்பாடு காணலாம், கூலிக்கும் ஈட்டுக்கும் விதி வகுக்கலாம். ஒத்துழைக்காதவரிடம் பேரேடு செல்லாது. நடைமுறையில் பதிவுக்கு அகப்படுவோர் யார் என்றால், ஆற்றல் குறைந்தவர்களும் ஆற்றல் உண்டென்று பேர்வாங்கிய ஏழைகளும்தான். 1911 சட்டத்தின் கீழ் ஜமீன்தார் எவரும் ரேகை வைத்ததாக நாம் படிப்பதில்லை. நேற்றுவரை அதே காவலின் மேலுரிமை அவர்களிடம்தான் இருந்தது.

இரண்டாம் மறுப்பு பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து வருவது. அதை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1899 ஜூன் 6 அன்று கோயில் நுழைவுத் தகராறின் தொடர்ச்சியாக ஆயிரக்கணக்கானோர் சிவகாசி மீது படையெடுத்தார்கள். நாடார் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. மாவட்டத்தின் பிற பகுதிகளுக்கும் கலவரம் பரவியது. ராபர்ட் ஹார்ட்கிரேவின் நாடார் வரலாறு (1969) இதை விரிவாகப் பேசுகிறது. அன்று எரிந்த வீட்டுக்காரரிடம் போய், உங்களைத் தாக்கியவர்களின் குடிகளை முன்பே பதிந்திருப்பது அநீதி என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? அவர் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் படையெடுப்பு ரகசியமாக நடந்ததல்ல. மாதக்கணக்காகப் பகை முற்றிவந்தது எல்லோருக்கும் தெரியும். குறைந்தது தகவல் அல்ல, நேரத்துக்குப் போய் நிற்கும் காவல். பேரேடு அந்த இடத்தை நிரப்பாது. நிரப்பிவிட்டது போன்ற நினைப்பை மட்டும் அதிகாரிக்குத் தரும். இதற்கு மூன்றாண்டு முன்பு, 1896இல், திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தார் கள்ளர் காவலுக்கு எதிராகப் பணம் திரட்டி, பழைய காவல்காரர்களை விலக்கித் தங்கள் ஆட்களை அமர்த்தினார்கள். பண்டு கலகம் என்று பெயர் பெற்ற அதில் வன்முறையும் இருந்தது; அதை மூடி மறைக்க வேண்டாம். ஆயினும் அவர்கள் தேடிய தீர்வு ஒப்பந்தத்தை முறிப்பது. அத்தனை ஆத்திரத்திலும் பிறந்த குழந்தையின் பெயரைப் பட்டியலில் எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. அது அரசுக்குத் தோன்றியது.

மூன்றாவது, இன்று அடிக்கடி கேட்பது: எல்லோருடைய ரேகையும் ஆதாரில் இருக்கிறது, ரேகை கொடுப்பதில் இன்னும் என்ன இழிவு? ரேகை ஒன்றுதான், பட்டியல் வேறு. எல்லோரையும் சேர்க்கும் பட்டியல் யாரையும் சந்தேகத்துக்கு உரியவராகக் காட்டுவதில்லை. சிலரை மட்டும் பிரித்தெடுப்பது, பிரித்தெடுத்த செயலாலேயே குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகச் சொன்ன பிறகும், 2018இல் ஆதார் வரம்புகளோடு நிலைத்தது. ஆதாருக்கே வரம்பு வேண்டும் என்றால், காரணம் சொல்லாமல் பெயர் ஏற்றும் ஏடுகளுக்கு எவ்வளவு வேண்டும்? தமிழகக் காவல் நிலையங்களில் இன்றும் ‘ஹிஸ்ட்ரி ஷீட்’ திறக்கப்படுகிறது. ரவுடிப் பட்டியல் இருக்கிறது. அவை பிறப்பை அடிப்படையாகக் கொண்டவை அல்ல என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் பெயர் ஏறும்போது விசாரணை இல்லை. இறங்குவதற்கு நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. பழைய பேரேட்டின் அந்த ஒரு குணம் அப்படியே இருக்கிறது.

ஆகவே என் முடிவு இது. ஒருவர் ஏற்கும் பணியை, கையாளும் கருவியை, பிறர் உடல்மேல் பழகும் தொழிலை அரசு பதியலாம், பதிய வேண்டும். அவர் கேட்டுச் சேர, காரணம் தெரிந்து விலக, நீதிமன்றத்தில் எதிர்க்க வழி இருக்க வேண்டும். ஒருவருக்கு இருக்கிறது என்று மற்றவர் அஞ்சும் இயல்பை, அது மெய்யாகவே இருந்தாலும், எந்த ஏட்டிலும் எழுதக் கூடாது.

7. எஞ்சியிருப்பது

2024 அக்டோபர் 3 அன்று சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றப் பரம்பரை என்ற பழைய எண்ணம் சிறைக் கையேடுகளில் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற பெயரில் ஒளிந்திருப்பதைச் சுட்டிக் கண்டித்தது. தமிழ்நாட்டில் நிலைமை வேறொரு திசையிலும் போயிருக்கிறது. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் சீர்மரபினர் என்று அழைக்கப்படுகிறார்கள், 68 சமூகங்கள். 1979இல் அவர்கள் பெயரில் இருந்த ‘பழங்குடி’ என்ற சொல் ‘வகுப்பு’ என்று மாற்றப்பட்டது. அதனால் மத்திய அரசின் நலத்திட்டங்கள் கைநழுவின என்று பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 2019இல் அத்திட்டங்களுக்கு மட்டும் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. வெளியேறத் துடித்த ஏட்டில் தம் பெயர் இருந்ததற்கு இப்போது சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கிறார்கள். தவறு அவர்களுடையது அல்ல. பறித்ததைத் திருப்பித் தர அரசுக்குத் தெரிந்த ஒரே முகவரி அந்த ஏடுதான்.

சிவகிரியும் ஊத்துமலையும் நெற்கட்டும்செவலும் 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. சீர்மரபினர் பட்டியலில் மறவர் என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டப் பெயர்கள் வரிசையாக உள்ளன. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அவற்றில் அடக்கம். மற்ற பின்தங்கிய சாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஓர் அடைப்புக்குறி கிடையாது.